மூன்றாம் தரம் செய்யாத அக்கா

ஒரே வேலையை மூன்றாம் தரம் செய்யச் சொன்னால் அக்காவுக்கு உடம்பு முழுக்க வலிக்கும். முதல் தரம் ஆர்வமாகச் செய்வார். இரண்டாம் தரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்வார். மூன்றாம் தரம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். "எனக்குப் பஞ்சி தம்பி" என்பார். பஞ்சி என்றால் சோம்பல் என்பது திருச்சிக்காரனான எனக்கு இலங்கைக்காரரான அவர் வாயிலிருந்துதான் தெரிந்தது. ஆனால் அவருடைய பஞ்சி சும்மா உட்கார்ந்திருக்கும் பஞ்சி அல்ல. ஐந்து நிமிட வேலையைத் தவிர்ப்பதற்காக ஐந்து நாள் மாடாக உழைக்கிற பஞ்சி.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மெல்பர்னிலிருந்து ஃபோன் வரும். நான் அக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டு அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரர்களும் சீனர்களும் லெபனான்காரர்களும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. குட்டையாக வெட்டிய முடி, தோளில் ஒரு பெரிய கறுப்புப் பை. பைக்குள் ஒரு கண்ணாடி, அது தொலைந்தால் போட இன்னொரு கண்ணாடி, பிளாஸ்க்கில் தேநீர், டப்பாவில் தட்டை வடை. கண்ணாடியைத் தேடுவதையும் அவர் இரண்டு தரத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

அவர் வந்தபோது எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. அவர் வந்ததே என் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கத்தான்.

சிட்னியில், பரமட்டாவில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் எங்கள் அலுவலகம். நடைபாலம், படிக்கட்டு, மழைநீர்க் குழாய் போன்றவற்றுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கும் சிறு நிறுவனம். நான் டிராயிங் போடுபவன் அல்ல. மற்றவர்கள் போட்டதற்கு எண் போடுபவன். ஒவ்வொரு டிராயிங்குக்கும் ஒரு நீளமான எண் உண்டு. அதே எண் டிராயிங்கின் வலது கீழ் மூலைக் கட்டத்தில் தலைப்போடு இருக்க வேண்டும், ஃபைலின் பெயரில் இருக்க வேண்டும், என் பட்டியலிலும் இருக்க வேண்டும். யாராவது ஒரு கோட்டை நகர்த்தினால் எண்ணுக்குப் பின்னால் உள்ள ஏ, பி ஆகும். அதையும் மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். பிறகு சரியான ஃபோல்டரில் வைத்து, பழையதை இன்னொரு ஃபோல்டருக்கு அனுப்ப வேண்டும். ஒரு பாலத்துக்கு இருநூறு டிராயிங்குக்கு மேல் வரும். இதை ஒருவன் நாள் முழுக்கச் செய்வானா என்று நீங்கள் கேட்கலாம். அவனுடைய விசா அந்த வேலையோடு ஒட்டியிருந்தால் செய்வான். என் நிரந்தர வசிப்புரிமைக்கு நிறுவனம் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் எங்கள் மேலாளரின் மேசையில் பல வாரங்களாகக் கிடந்தது. மெரிலேண்ட்ஸில் வாடகை வீட்டில் மனைவியும் மகளும் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மேலாளர் அக்காவை அழைத்துவந்து, "ஆறு மாத ஒப்பந்தம். எண் போடும் வேலையை இவர் தானியங்கியாக மாற்றப் போகிறார். நீ செய்வதை அப்படியே காட்டு" என்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு ஃபைல் செய்து காட்டினேன். மூன்றாவதைத் திறந்ததும் எழுந்துவிட்டார்.

"காணும் தம்பி, போதும், விளங்கீட்டுது. இதையே எவ்வளவு காலமாச் செய்யிறியள்?"

"நாலு வருஷமாக்கா."

"கடவுளே," என்றார், துக்க வீட்டுக்கு வந்தவர் போல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசக்கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு மாலைத் தேநீர் வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது. தட்டை வடையை நீட்டுகிற மனுஷியிடம் எத்தனை நேரம்தான் முறைத்துக்கொண்டிருப்பது? அதுவும் அவர் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவ்வளவுதான்.

டூங்கபியில் அவர் வீட்டில் ஒவ்வொரு காலையும் கணவர், "கார்ச் சாவி எங்க?" என்று கேட்பாராம். கல்யாணம் ஆன மூன்றாம் நாளே தனக்கு வெறுத்துவிட்டது என்றார். கடைசியில் சாவியில் ஒரு சின்ன வட்டக் கருவியைக் கட்டிவிட்டார். ஃபோனில் தட்டினால் அது கீச்சென்று கத்தும். "இப்ப அவர் ஃபோன் எங்க எண்டு கேக்கிறார். அதுக்கும் ஒண்டு கட்ட வேணும்."

மேய்ஸ் ஹில் முருகன் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு பரிமாற நிற்பார். வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் மூன்றே கேள்வி கேட்பார்கள்: பூசை எத்தனை மணிக்கு, கைகழுவுகிற இடம் எங்கே, சாப்பாட்டில் வெங்காயம் போட்டிருக்கிறதா. ஒரு ஞாயிறு அவர் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அதில் மூன்று பதிலும் பெரிய எழுத்தில் இருந்தன. யாராவது வாயைத் திறந்தால் கரண்டியால் அட்டையைத் தட்டுவார். அர்ச்சகரே வந்து படித்துப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு முதியவர் மட்டும் அட்டையை முழுக்கப் படித்துவிட்டு, "பிள்ளை ஊரில எவடம்?" என்று கேட்டார். அடுத்த வாரம் அட்டையில் நான்காவதாக ஊர்ப் பெயரும் ஏறியது.

கதை சொல்வதிலும் இந்தக் கணக்குத்தான். நடுவில் நிறுத்தி, "இது உங்களுக்கு ஒருக்காச் சொன்னனான், என்ன?" என்பார். ஆமாம் என்றால், "சரி, இது ரெண்டாம் தரம். இனிக் கேக்கக் கூடாது" என்று முடிப்பார். நல்ல கதையாக இருந்தால் நான் பொய் சொல்வேன். அதையும் கண்டுபிடித்துவிடுவார்.

சிரித்துக்கொண்டே கேட்ட எனக்கு ஒரு கதையில் மட்டும் சிரிப்பு வரவில்லை. கணவரின் தங்கையைப் பற்றியது. "வீட்டுக்கு வாங்கோ எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டனான். ரெண்டு தரமும் பொய்ச் சாட்டுச் சொன்னவ. பேந்து நான் கூப்பிடேல்லை." எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டேன். "பதினொண்டு" என்றார், வடையைக் கடித்துக்கொண்டே. கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

இப்போது என் யோக்கியதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்தது பதினேழாம் தேதி. ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு. எண் கணிதம் பார்க்கும் ஒருவர் நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மாவிடம், "இந்தப் பையன் எட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து எதுவும் எங்கள் வீட்டில் ஆகாது. அம்மா பஸ் நம்பரைக்கூடக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னை ஏற்றிவிடுவாள். படித்தவன், பொறியியல் பட்டதாரி, இதையெல்லாம் நம்புவாயா என்றால், நம்பவில்லை. ஆனால் என் முதல் விசா விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டபோது அதன் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். எட்டு வந்தது. அதற்குப் பிறகு நம்பவில்லை என்று சத்தமாகச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

சிட்னியில் வேலைக்குச் சேர்ந்து முதல் பாலத்துக்கு எண் போடும்போது ஏழு முடிந்ததும் கை நின்றது. சுற்றிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த டிராயிங்குக்கு ஒன்பது என்று போட்டேன். பிறகு பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு. நான்கு வருஷத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எந்தப் பாலமும் விழவும் இல்லை. பாலம் விழாததற்குப் பொறியாளர்கள் மட்டும்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அக்கா புரோகிராம் எழுத உட்கார்ந்த முதல் வாரமே கேட்டார்.

"தம்பி, உங்கட ஃபைல் நம்பர் எல்லாம் ஒண்டிலயிருந்து விடாமல் தொடர்ச்சியாப் போகுதோ?"

வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த அம்மா கதையாக்கி, கோவிலில் இரண்டு தரம் சொல்வார்.

"ஆமாக்கா, தொடர்ச்சியாத்தான் இருக்கு."

ஒரு மாதம் கழித்து, புதிய நடைபாலத்துக்கான டிராயிங்குகள் சேர ஆரம்பித்தபோது மறுபடி கேட்டார். "நம்பர் ஒண்டும் விடுபடேல்லைத்தானே? நான் அதை நம்பித்தான் எழுதுறன்."

"இல்லக்கா. எல்லாம் இருக்கு."

"சரி," என்று தலையாட்டினார். இரண்டு தரம் முடிந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

நான்காம் மாதம் புரோகிராம் தயாரானது. ஒரு வெள்ளிக்கிழமைக் காலை எல்லாரும் அவர் திரையைச் சுற்றி நின்றோம். நடைபாலத்தின் இருநூற்றுச் சொச்சம் டிராயிங்குகள். அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். எண்களும் தலைப்புகளும் மூலைக் கட்டங்களில் தாமாகவே போய் உட்கார்ந்தன, ஃபைல்கள் தாமாகவே ஃபோல்டர்களுக்குள் நுழைந்தன. எனக்கு ஒன்பது நாள் பிடிக்கிற வேலை, நான்கு நிமிடத்தில் முடிந்தது. கைதட்டினார்கள். மேலாளர் லாமிங்டன் கேக் வாங்கி வைத்திருந்தார். நானும் ஒன்று தின்றேன். மதியத்துக்கு முன்பே எல்லாம் வாடிக்கையாளருக்குப் போய்விட்டன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோன் வந்தது. "படிக்கட்டுக் கைப்பிடி என்று தலைப்பு, உள்ளே மழைநீர்க் குழாய் இருக்கிறது. லிஃப்ட் என்று போட்டிருக்கிறது, உள்ளே ஒரு சுவர். ஏழு டிராயிங் வரைக்கும் சரி. அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சரியில்லை. என்ன நடக்கிறது அங்கே?"

என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தலைப்புகளின் பட்டியல் என்னுடையதல்ல, பொறியாளர்கள் தயாரித்தது. அதில் ஒன்று, இரண்டு என்று விடாமல் வரிசை எண் இருக்கும். ஃபைல்களின் பெயர் நான் வைத்தது. என்னிடம் எட்டாவது டிராயிங்கின் பெயர் ஒன்பது. எட்டு என்ற ஃபைல் இல்லாததால், அது இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு புரோகிராம் அடுத்ததற்குப் போய்விட்டது. ஒன்பதாவது தலைப்பை என் ஒன்பது என்ற ஃபைலில் எழுதியது. உள்ளே இருந்ததோ எட்டாவது படம். பதினேழில் இன்னொன்று தள்ளியது. கடைசியில் இருபதுக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. நான் கையால் செய்தபோது படத்தைத் திறந்து பார்த்துத் தலைப்பு எழுதுவேன், ஆகவே தப்பு வந்ததில்லை. புரோகிராம் படத்தைப் பார்க்காது.

அக்கா தன் மேசையில் குனிந்து அரை மணி நேரம் தேடினார். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல அவர் பின்னால் நடந்தேன். திரையில், இல்லாத ஃபைல்களின் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து. அக்கா விரல் விட்டுக் கூட்டினார். பிறகு இன்னொன்றைக் கூட்டினார். மூன்றாவதைக் கூட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பக்கத்தை மூடினார்.

மேலாளர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர், கத்தமாட்டார். கோபம் வந்தால் காதுகள் மட்டும் சிவக்கும். அன்று கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. "எப்படி நடந்தது?" என்றார்.

"என்னுடைய பிழை," என்றார் அக்கா ஆங்கிலத்தில். "நான் ஒன்றைச் சரிபார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை."

அவ்வளவுதான். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு முடிவு செய்யலாம்," என்றார் மேலாளர். "இந்தப் புரோகிராமை நிறுத்திவிட்டுப் பழையபடி கையால் செய்வதுதான் நல்லது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் உங்கள் ஒப்பந்தத்தையும் அன்றோடு முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்." பிறகு என்னிடம், "நல்லவேளை நீ இருக்கிறாய். அந்தப் படிவத்தை வரும் வாரம் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார்.

ரயிலில் வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வேலை தப்பியது, விசா தப்பியது, ரகசியமும் தப்பியது. மனைவியிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன், அவள் உடனே திருச்சிக்கு ஃபோன் போட்டாள். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனோம். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் நல்ல செய்தி வந்திருக்கிறது, முருகனிடம் சொல்லாமல் எப்படி என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் தட்டோடு நகர்ந்தால், எதிரே கழுத்தில் அட்டையோடு அக்கா. அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகளுக்கு அப்பளம் இரண்டு வைத்தார். என் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, "பாயாசம் கொஞ்சம் சூடு, பாத்துக் குடியுங்கோ" என்றார். அவ்வளவுதான். ஏன் நம்பர் விட்டனீங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. இனி ஒருபோதும் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நாளைக்கு வேலை போனாலும் கேட்கமாட்டார். அடுத்த ஞாயிறும் இதே போல் பாயாசம் ஊற்றுவார், பதினோரு வருஷமானாலும் ஊற்றுவார். அவர் கணவரின் தங்கை எப்படி அந்த வருஷங்களைத் தாங்கினாளோ தெரியவில்லை. என்னால் ஒரு டம்ளர் பாயாசத்தையே தாங்க முடியவில்லை.

காரில் ஏறியதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகளுக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டாள். பிறகு, "அந்த அக்காவோட வேலையைக் குடுத்துட்டு வாங்குற பேப்பரை வச்சு நாம என்னங்க செய்யப் போறோம்?" என்றாள். திருச்சிக்குப் போட்ட ஃபோனை நினைத்துக்கொண்டு தலையில் கைவைத்தாள். அவ்வளவு கெட்டிக்காரியிடம் வெள்ளிக்கிழமையே சொல்லாமல் போனேனே என்று இருந்தது.

திங்கள் பத்து மணிக்குக் காத்திருக்கவில்லை. ஒன்பதுக்கே மேலாளர் அறைக் கதவைத் தட்டினேன்.

ஓர் ஆஸ்திரேலியருக்கு எண் கணிதத்தை ஆங்கிலத்தில் விளக்குவதை யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எட்டின் அதிபதியான சனி பகவானை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் கடைசியில் கோள் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் ஒரு தாளை எடுத்து, ஒன்று முதல் இருபத்தேழு வரை எழுதி, நான் சொன்னவற்றை அடித்துப் பார்த்தார்.

"ஒன்பதுக்கு ஒன்று காணாமல் போகிறது," என்றார்.

"ஆமாம்."

"நான்கு வருஷமாகவா? எல்லாப் பாலத்திலும்?"

"எல்லாப் பாலத்திலும்."

"பாலத்தில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா?"

"இல்லை. எண் மட்டும்தான்."

பேனாவை வைத்தார். "அக்கா உன்னிடம் இதைக் கேட்டாரா?"

"இரண்டு தரம்."

"நீ என்ன சொன்னாய்?"

சொன்னேன். காதுகள் சிவந்தன. எட்டுக்காக அவர் கோபப்படவில்லை, அது எனக்குப் புரிந்தது. இரண்டு தரம் பொய் சொன்னதற்காகத்தான். பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டார். "உங்களுக்கு இது தெரியுமா?"

"வெள்ளிக்கிழமையே தெரியும்," என்றார் அக்கா.

"ஏன் சொல்லவில்லை?"

"என்னுடைய பிழையும் இருக்கிறது. படத்தை ஒருவரும் பார்க்காமல் வெளியே அனுப்ப விட்டேன். இவர் கையால் செய்தபோது ஒவ்வொன்றையும் பார்த்தார். நான் அந்தப் பார்வையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அதைத் திரும்ப வைக்க வேண்டும்." என்னைக் காட்டி, "படத்தைப் பார்த்தவுடன் இது எந்தப் படி, எந்தக் குழாய் என்று சொல்ல இந்த அலுவலகத்தில் இவரை விட்டால் ஆள் இல்லை" என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. மேலாளருக்கு முன்னால் அழுதால் சனி பகவானை விடப் பெரிய விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

முடிவு இப்படி ஆனது: எண் போடுவதும் ஃபைல் அடுக்குவதும் புரோகிராமின் வேலை. ஒவ்வொரு டிராயிங்கும் வெளியே போகுமுன் பார்த்துச் சரி சொல்வது என் வேலை. மூலைக் கட்டத்தில் 'பார்த்தவர்' என்று என் பெயர் விழும். படிவத்தைப் பற்றி மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் இந்தப் பாலத்தைச் சரிசெய்து அனுப்பு என்றார்.

வெளியே வந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமேக்கா. மேனேஜர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நான் சொன்னா அது கோள்மூட்டுறது. நீங்கள் சொன்னா அது விளக்கம்," என்றார். பிறகு பையில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டே, "நான் பிறந்தது எட்டாந் தேதி தம்பி. நாலு மாசமா எனக்குப் பக்கத்தில இருந்து வடை திண்டிருக்கிறியள். ஒண்டும் நடக்கேல்லையே?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து, அழுகிறோம் என்று நினைத்து, ஆட்களைக் குறைக்கிறார்களோ என்று வரவேற்பில் இருந்த பெண் பயந்துவிட்டாள்.

அன்று மதியமே வேலை தொடங்கியது. நான் ஒவ்வொரு டிராயிங்காகத் திறந்து என்ன என்று சொல்ல, அவர் தலைப்பைப் பட்டியலில் ஒப்பிட்டுச் சரி போட வேண்டும். இருநூற்றுச் சொச்சம் தரம். மூன்றாவதிலேயே முனக ஆரம்பித்தார். "இது என்ன சீவியம்" என்பார். "முருகா" என்பார். ஆனால் எழுந்து போகவில்லை.

ஏழு முடிந்ததும் புரோகிராமை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எட்டைப் போடவோ, விடவோ? விடுறதெண்டால் அதுக்கும் ஒரு வழி எழுதலாம், அது பெரிய வேலை இல்லை. உங்கட பேர்தான் விழப் போகுது. நீங்கள் சொல்லுங்கோ."

கேலி இல்லாமல்தான் கேட்டார். இங்கே வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்த நேரத்தில் பயம் பயம்தான். படிவம் இன்னும் கையெழுத்தாகவில்லை. எட்டுக்குப் பக்கத்தில் என் பெயரை நானே எழுதுவதா? அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

"போடுங்கக்கா," என்றேன்.

போட்டார். எட்டு, பக்கத்தில் என் பெயர். "அடுத்தது," என்றார்.

பதினேழாவது, தெற்குப் பக்கப் படிக்கட்டு. அதையும் பார்த்தேன், சரி சொன்னேன். செவ்வாய் மாலை கடைசி டிராயிங் போனது. அதற்குப் பிறகு ஃபோன் வரவில்லை.

படிவத்தில் மேலாளர் கையெழுத்துப் போட மேலும் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். அந்த ஐந்து வாரமும் என்னை வேண்டுமென்றேதான் காக்கவைத்தார் என்று நினைக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை. அக்காவின் ஆறு மாதம் முடிந்தது. தன் மகள் இருக்கும் மெல்பர்னுக்கே கணவரோடு குடிபெயர்ந்துவிட்டார். அங்கே ஓர் அலுவலகத்தில் யாருடைய வேலையையோ பார்த்துக் "கடவுளே" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த நடைபாலம் பின்னர் கட்டி முடிக்கப்பட்டது. எங்கள் பக்கத்து ரயில் பாதைக்கு மேலே இருக்கிறது. திறந்த வாரக் கடைசியில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். மகள் தெற்குப் பக்கப் படிக்கட்டில் எங்களுக்கு முன்னால் தடதடவென்று ஓடி ஏறினாள். நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். மேலே போய் மூச்சு வாங்கியதும் ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "பதினேழில் நிற்கிறேன் அக்கா" என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது. "விழுந்தியளோ?"

"இல்லக்கா."

"அப்ப இறங்கி வீட்ட போங்கோ."

கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன்.